வளாக வைஃபை: அக்சஸ் பாயின்ட் வாங்கும் முன் ஆள் பட்டியலைச் சரிசெய்யுங்கள்

"வளாகம் முழுக்க வைஃபை" என்று பல்கலைக்கழகத்தில் ஒரு கோப்பு நகரத் தொடங்கினால், முதல் பக்கத்திலேயே அக்சஸ் பாயின்ட் (வைஃபை அலை பரப்பும் பெட்டி) எத்தனை, விலை என்ன என்ற கணக்கு வந்துவிடும். பெட்டி வாங்குவது எளிது. பணம் ஒதுக்கினால் நிறுவனத்தார் வந்து மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இன்றைய தேதியில் இங்கே யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ஒரே இடத்தில் சொல்லும் பட்டியல் பெரும்பாலான பல்கலைக்கழகங்களிடம் கிடையாது. எடுரோம் (ஒரு கல்வி நிறுவனத்தின் கணக்கை வைத்தே மற்ற நிறுவனங்களின் வைஃபையிலும் இணையவிடும் உலகளாவிய ஏற்பாடு) போன்ற சேவை நிற்பதும் விழுவதும் அந்தப் பட்டியலால்தான். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் ரேடியோ அலையைப் பற்றி இருக்காது.

எடுரோம் பற்றிச் சுருக்கமாக. நெதர்லாந்தின் கல்வி, ஆய்வு நெட்வொர்க்கான சர்ஃப்நெட்டில் இருந்த கிளாஸ் வியெரெங்கா 2002இல் முன்வைத்த யோசனை இது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் ஓடுகிறது. இந்தியாவில் தேசியப் பொறுப்பு கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் இந்தியாவிடம், இலங்கையில் லேர்ன் அமைப்பிடம். மதுரையில் ஆய்வு செய்யும் ஒருவர் கருத்தரங்குக்காக பெங்களூருக்கோ பெர்லினுக்கோ போனால், அங்குள்ள வளாகத்தில் போனைப் பையிலிருந்து எடுக்காமலே இணைப்பு வந்துவிடும். அங்குள்ள அக்சஸ் பாயின்ட் அவருடைய கோரிக்கையை லாகினைச் சரிபார்க்கும் அந்த ஊர் ரேடியஸ் சர்வருக்குத் தரும். அந்த சர்வர் பயனர் பெயரில் @ குறிக்குப் பின்னால் உள்ள பகுதியைப் பார்த்து, தேசிய சர்வர்கள் வழியே மதுரைக்கு அனுப்பும். பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது மதுரை சர்வர் மட்டுமே. வழியில் உள்ள எவருக்கும் அது தெரியாது. பெங்களூர் சர்வருக்குக் கிடைப்பது "சரி" அல்லது "இல்லை" என்ற பதிலும், இணைப்பைப் பூட்டும் சாவியும்தான். ஆக, உங்கள் பல்கலைக்கழகம் எர்நெட்டுக்குக் கொடுக்கும் வாக்குறுதி ஒன்றே ஒன்று: எங்கள் சர்வர் "சரி" என்று சொன்னால், அவர் இன்றைக்கும் எங்கள் ஆள்தான்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பட்டியல் வேண்டும்.

பட்டியல் எங்கே உடைகிறது

இளநிலை, முதுநிலை மாணவர் பட்டியல் தேர்வுத்துறையிடம் இருக்கும், ஓரளவு நம்பலாம். நிரந்தரப் பணியாளர் பட்டியல் சம்பளப் பிரிவிடம் இருக்கும், அதையும் நம்பலாம். சிக்கல் இந்த இரண்டுக்கும் வெளியே நிற்பவர்களிடம்தான்: கௌரவ விரிவுரையாளர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள், திட்டப்பணியில் ஆறு மாதத்துக்கு வந்த உதவியாளர்கள், ஒப்பந்த ஊழியர்கள், பகுதிநேர ஆய்வாளர்கள். இவர்கள் பெயர் அந்தந்தத் துறை அலுவலகத்தின் எக்செல் கோப்பில்தான் இருக்கும். வைஃபை அதிகம் தேவைப்படுவதும் இவர்களுக்கே. இவர்களை விட்டுவிட்டுத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே யாரோ ஒரு பேராசிரியரின் பாஸ்வேர்டு ஒரு ஆய்வகம் முழுக்கச் சுற்றும். அது தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம்.

பட்டியல்களை ஒன்றுசேர்க்கும்போது பெயரை வைத்துப் பொருத்த முயலாதீர்கள். நம் ஊர்ப் பெயர்களில் அது நடக்காது. ஒரே ஆள் தேர்வுத்துறையில் "ச. முருகன்", வங்கிக் கணக்கில் "முருகன் ச", ஆய்வுப் பதிவில் "முருகன் சண்முகம்" என்று மூன்று பேராக நிற்பார். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னும் இரண்டு வேறுபாடு சேரும். மென்பொருளுக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் இருந்தால், கடைசிப் பெயர்ப் பெட்டியில் ஒருவர் இனிஷியலையும், இன்னொருவர் அப்பா பெயரையும், மூன்றாமவர் வெறும் புள்ளியையும் நிரப்பியிருப்பார். பதிவு எண் அல்லது பணியாளர் எண்ணோடு பிறந்த தேதியைச் சேர்த்துப் பொருத்துங்கள். பொருந்தாமல் நிற்பவற்றை ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு கணக்குக்கும் முடிவுத் தேதி கட்டாயம். தேதி இல்லாத கணக்கு எத்தனை வருடமானாலும் திறந்தே கிடக்கும். மாணவருக்குப் படிப்பு முடியும் மாதத்துக்குப் பிறகு மூன்று மாதம், திட்டப்பணியாளருக்கு நியமன ஆணையில் உள்ள தேதி, ஆய்வாளருக்கு ஆண்டுதோறும் நெறியாளர் புதுப்பித்தால் நீட்டிப்பு என்று வைக்கலாம். அரியர் எழுதும் மாணவருக்கு இணையக் கணக்கு வேண்டுமா என்பதை ஐடி பிரிவு முடிவுசெய்யக் கூடாது. பதிவாளர் கையெழுத்தோடு ஒரு வரி விதியாக வாங்கிவையுங்கள்.

இன்னொரு இடமும் உண்டு. விண்ணப்பத்தில் உள்ள போன் எண்ணுக்கு ஓடிபி அனுப்பிக் கணக்கைத் திறந்துகொள்ளச் சொல்வதுதான் வழக்கமான திட்டம். ஆனால் விண்ணப்பம் பல நேரம் பிரவுசிங் சென்டரில் நிரப்பப்பட்டது. எண் அப்பாவுடையது, அவர் ஊரில் இருப்பார். மின்னஞ்சல் கடைக்காரர் திறந்து கொடுத்தது, அதன் பாஸ்வேர்டு மாணவருக்கே தெரியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களிடம் இது அதிகம். அவர்களை ஹெல்ப்டெஸ்க் வரிசையில் நிற்கவைப்பது நியாயமில்லை. சேர்க்கை நாளில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையிலேயே, மாணவர் கையில் உள்ள போனின் எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஓடிபி அனுப்பி உறுதிசெய்தால் ஒரு ஆளுக்கு ஒரு நிமிடத்தில் வேலை முடியும்.

பாஸ்வேர்டு எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

லாகின் முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் கேட்பதே இல்லை. "பீப்" என்று சொல்லப்படும் முறை, விண்டோஸ் பாணியில் ஹாஷ் செய்த (திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றிய) பாஸ்வேர்டோ மூலப் பாஸ்வேர்டோ இருந்தால்தான் வேலைசெய்யும். விண்டோஸின் பயனர் பட்டியல் மென்பொருளான ஆக்டிவ் டைரக்டரி வைத்திருந்தால் அது இருக்கும். ஓப்பன்எல்டாப் என்ற இலவசப் பயனர் பட்டியல் மென்பொருளில் உப்பு (தற்செயல் எழுத்துகள்) சேர்த்த ஷா ஹாஷாகச் சேமித்திருந்தால் பீப் ஒருபோதும் ஓடாது; ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் சர்வர் மென்பொருளில் எந்த வரியை மாற்றினாலும் ஓடாது. அங்கே "டிடிஎல்எஸ்-பாப்" முறைதான் வழி: பூட்டிய சுரங்கத்துக்குள் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் முறை. கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்குகளை வைத்துச் செய்ய நினைத்தாலும் இதே கதைதான். கூகுள் ஹாஷை வெளியே தராது. அதன் பாதுகாப்பான எல்டாப் சேவை வழியே டிடிஎல்எஸ்-பாப்பாகச் சரிபார்க்கலாம், ஆனால் உங்கள் உரிமத்தில் அந்தச் சேவை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 மேகக் கணக்குகளில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால் பாஸ்வேர்டு வழியே வைஃபை லாகின் சரியாக வராது.

மூன்றாவது வழி ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சான்றிதழ். பாஸ்வேர்டே இல்லை, திருடவும் எதுவும் இல்லை. பாதுகாப்பில் இதுவே உயர்ந்தது. ஆனால் சான்றிதழ் வழங்க, ரத்துசெய்ய, தொலைந்த போனை நீக்க ஒரு ஏற்பாடும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். ஐடி பிரிவில் மொத்தம் மூன்று பேர்தான் என்றால் டிடிஎல்எஸ்-பாப்பில் தொடங்குங்கள். பீப் வேண்டாம் என்பேன். அதன் உள்ளே ஓடும் எம்எஸ்சாப் என்ற பாஸ்வேர்டு சரிபார்ப்பை, டெஸ் என்ற பழைய பூட்டின் ஒரே சாவியைக் கண்டுபிடிக்கும் உழைப்பிலேயே உடைத்துவிடலாம் என்று 2012இலேயே டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் காட்டிவிட்டார்கள். விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து டொமைனில் சேர்ந்த ஆய்வகக் கணினிகளில் தானியங்கி பீப் லாகினும் தடைபடுகிறது.

பாஸ்வேர்டு நேராகப் போகிறதே, டிடிஎல்எஸ்-பாப் ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். போன் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும்வரை ஆபத்தில்லை. சரிபார்க்காவிட்டால் பெரிய ஆபத்து. பையில் ஒரு சிறிய ரவுட்டரோடு எவரும் கேன்டீனில் உட்கார்ந்து அதே பெயரில் ஒரு போலி நெட்வொர்க்கை எழுப்பலாம்; அருகில் உள்ள போன்கள் தாமாகவே போய்ப் பாஸ்வேர்டைக் கொட்டும். அதே பாஸ்வேர்டில்தான் மின்னஞ்சலும், சில இடங்களில் மதிப்பெண் பதிவேற்றும் பக்கமும் திறக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சான்றிதழ்

பல ஐடி பிரிவுகள் இணையதளத்துக்கு வாங்கிய பொதுச் சான்றிதழையே ரேடியஸ் சர்வரிலும் வைத்துவிடுகின்றன. இரண்டு காரணத்தால் இது தவறு. பொதுச் சான்றிதழின் ஆயுள் வேகமாகக் குறைகிறது: 2026 மார்ச் முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள். கையால் வைஃபை அமைத்த ஐபோன்கள் சான்றிதழ் மாறும் ஒவ்வொரு முறையும் "நம்பலாமா?" என்று கேட்கும். கேள்வியைப் படிக்காமல் "ஆம்" அழுத்த நாமே மாணவர்களைப் பழக்கிவிடுகிறோம். இரண்டாவது, போனில் சர்வர் பெயரைக் குறிப்பிடாமல் வெறும் வழங்குநரை மட்டும் நம்பச் சொன்னால், அதே வழங்குநரிடம் சான்றிதழ் வாங்கிய எவனும் உங்கள் சர்வராக நடிக்கலாம்.

வைஃபைக்கென்று சொந்தமாக ஒரு மூலச் சான்றிதழ் (சர்வர் சான்றிதழுக்குக் கையெழுத்திடும் சான்றிதழ்) உருவாக்குங்கள். அதற்கு 15 அல்லது 20 ஆண்டு ஆயுள் வைக்கலாம். அதன் தனிச்சாவியை இணையத்தில் இல்லாத ஒரு கணினியில் அல்லது இரண்டு பென்டிரைவில் பூட்டி, பதிவாளர் அலுவலகப் பெட்டகத்தில் ஒரு படி வையுங்கள். ஐடி பிரிவின் ஒரே ஆள் வேலை மாறிப் போனபோது சாவியும் போனால், வளாகத்தின் எல்லாப் போன்களையும் மறுபடி அமைக்க வேண்டிவரும். சர்வர் சான்றிதழின் ஆயுள் 825 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆப்பிள் சாதனங்கள் ஏற்காது. குறைந்தது 2048 பிட் சாவி, ஷா-256 கையெழுத்து, சர்வர் அடையாளத்துக்கான பயன்பாட்டுக் குறிப்பு, மாற்றுப் பெயர்ப் பகுதியில் சர்வரின் முழுப் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இரண்டு சர்வர் இருந்தாலும் சான்றிதழில் ஒரே பெயர் போதும். அந்தப் பெயர் டிஎன்எஸ்ஸில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இவ்வளவையும் மாணவர் கையால் அமைக்க மாட்டார், அமைக்கச் சொல்லவும் கூடாது. எடுரோம் கேட் என்ற இலவசத் தளத்தில் உங்கள் மூலச் சான்றிதழையும் சர்வர் பெயரையும் லாகின் முறையையும் ஒருமுறை ஏற்றிவிட்டால் விண்டோஸ், மேக், லினக்ஸ், ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் அமைப்புக் கோப்பை அதுவே தயாரித்துத் தரும். போனில் கெட்எடுரோம் செயலி போதும். "சரிபார்க்க வேண்டாம்" என்ற பழைய குறுக்குவழியை நம்பியிருந்தவர்களுக்கு 2020 டிசம்பரிலேயே கதவு மூடத் தொடங்கிவிட்டது. பிக்சல் போன்களில் ஆண்ட்ராய்டு 11 மேம்பாட்டோடு அந்தத் தேர்வே எடுக்கப்பட்டது. இணைப்பு வேண்டுமென்றால் முதலில் கோப்பு வேண்டும், கோப்புக்கு இணைப்பு வேண்டும் என்ற முடிச்சு ஒன்று இருக்கிறது. பெரும்பாலோரிடம் மொபைல் டேட்டா இருக்கும். இல்லாதவர்களுக்காக கேட் தளத்தையும் ஆப் ஸ்டோர்களையும் மட்டும் திறக்கும் ஒரு சிறிய திறந்த நெட்வொர்க்கை நூலகத்திலும் நிர்வாகக் கட்டடத்திலும் வையுங்கள். வளாகம் முழுக்க வேண்டாம்.

கையால் அமைப்பவர்கள் செய்யும் தவறுகள் திரும்பத் திரும்ப இவைதான். @ பகுதியை விட்டுவிட்டு வெறும் பயனர் பெயரை அடிப்பார்கள். சொந்த வளாகத்தில் ஓடும், வெளியூர் போனதும் நிற்கும். ஆகவே சொந்த வளாகத்திலும் @ பகுதி இல்லாத லாகினை உங்கள் சர்வர் மறுக்க வேண்டும். கடுமையாகத் தெரியும், ஆனால் வெளியூர் விமான நிலையத்தில் நின்று யாரும் உங்களுக்கு போன் செய்ய மாட்டார்கள். அடுத்தது, போன் விசைப்பலகை பயனர் பெயருக்குப் பின்னால் தானாகச் சேர்க்கும் ஒரு வெற்றிடம், அல்லது முதல் எழுத்தைப் பெரிதாக்குவது. திரையில் கண்ணுக்குத் தெரியாது. சர்வர் பதிவேட்டில் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதவைத்தால் உடனே பிடிபடும்.

சர்வர்

ஃப்ரீரேடியஸ் போதும். இரண்டு சாதாரண மெய்நிகர் சர்வர், வெவ்வேறு கட்டடத்தில், வெவ்வேறு யுபிஎஸ்ஸில். நிலையான பொது ஐபி, எர்நெட்டின் சர்வர்களிலிருந்து 1812 போர்ட்டுக்கு யுடிபி அனுமதி, இருபது எழுத்துக்குக் குறையாத பகிர்வுச் சாவி. நெட்வொர்க்கின் பெயர் ஏழு எழுத்தும் ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். கல்லூரிப் பெயரை முன்னாலோ பின்னாலோ ஒட்டக் கூடாது.

மணிக்கணக்கில் தலையைப் பிய்க்கவைக்கும் கோளாறு ஒன்று உண்டு. உள்ளூரில் எல்லாரும் இணைகிறார்கள். விருந்தினர் மட்டும் இணைவதில்லை, அதுவும் சில பல்கலைக்கழக விருந்தினர் மட்டும். காரணம் பெரும்பாலும் ஃபயர்வால். சான்றிதழ்ச் சங்கிலி நீளமாக இருந்தால் யுடிபி பொட்டலம் 1500 பைட்டைத் தாண்டி இரண்டாக உடையும். இரண்டாம் துண்டில் போர்ட் எண் இருக்காது, ஃபயர்வால் அதைத் தூக்கி எறியும். பதிவேட்டில் பிழை எதுவும் பதிவாகாது, பதில் வராமல் நேரம் கடந்தது என்று மட்டும் இருக்கும். ஃபயர்வாலில் உடைந்த துண்டுகளை அனுமதியுங்கள். உங்கள் சர்வரில் ஈஏபி (லாகின் உரையாடல்) துண்டின் அளவை 1024 பைட்டாக வையுங்கள்.

ஜிமெயில், யாஹூ போன்ற பெயர்களோடும், செல்பேசி நிறுவனங்களின் சிம் அடையாளத்தோடும் வரும் கோரிக்கைகளை உங்கள் சர்வரிலேயே மறுத்துவிடுங்கள். அவற்றை மேலே தள்ளினால் பதில் வராது. பதில் வராவிட்டால் ஃப்ரீரேடியஸ் தேசிய சர்வரே செத்துவிட்டது என்று முடிவுகட்டி, நல்ல விருந்தினரையும் சேர்த்து நிறுத்திவிடும். உயிரோடிருக்கிறதா என்று தனியே கேட்கும் நிலைச் சோதனையை இயக்கிவைத்தால் இந்தக் குழப்பம் குறையும். 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் ஓட்டைக்குப் பிந்தைய பதிப்பு, அதாவது 3.2.5 அல்லது அதற்கு மேல் வையுங்கள்; ஒவ்வொரு அக்சஸ் பாயின்டிடமும் செய்திக் கையெழுத்தைக் கட்டாயமாக்குங்கள்.

மின்தடை முடிந்து மின்சாரம் வரும் கணத்தில் வளாகத்தின் எல்லாப் போன்களும் ஒரே சமயத்தில் லாகின் செய்யும். வகுப்பு மணி அடிக்கும்போதும் கிட்டத்தட்ட அதேதான். அமர்வு மீட்பை இயக்கியிருந்தால் பழைய போன்கள் முழுக் கைகுலுக்கல் இல்லாமல் நுழைந்துவிடும். எல்டாப் இணைப்புகளின் எண்ணிக்கையையும் அந்தக் கணத்துக்கேற்ப உயர்த்தி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சோதனைக் கணக்கு முழு லாகின் செய்து பார்க்கட்டும். சர்வர் பிங்குக்குப் பதில் சொல்கிறது என்பது எதையும் நிரூபிக்காது.

சுவர், கேபிள், மின்சாரம்

விடுதியில் அக்சஸ் பாயின்டை நடைபாதையில் மாட்டாதீர்கள். கேபிள் மிச்சம், பார்வைக்கும் அழகு, அதனால் எல்லாரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். நீண்ட நடைபாதையில் அலை தடையில்லாமல் ஓடும். ஆறு அக்சஸ் பாயின்டும் ஒன்றையொன்று கேட்டு, ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்கும். அறைக்குள்ளோ செங்கல் சுவர், இரும்புப் பீரோ எல்லாம் தாண்டி அலை சோர்ந்துதான் நுழையும். சுவரில் பதிக்கும் சிறிய வகையை ஒன்றுவிட்டு ஒரு அறைக்குள் வைத்து, மேல் மாடியில் அதைத் தள்ளி மாற்றி வையுங்கள். 60 பேர் வகுப்பறைக்கு ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல் மட்டும்; நெருக்கமான இடங்களில் பாதி அக்சஸ் பாயின்டுகளில் அந்த அலைவரிசையையே அணைத்துவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமே போதும்: இருபதுக்கு மேற்பட்ட சேனல் கிடைக்கும். விளம்பரத்தில் உள்ள வேகத்துக்காக 80க்குப் போனால் ஐந்தாறுதான் மிஞ்சும். 12 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழான பழைய வேகங்களை அணையுங்கள்.

அக்சஸ் பாயின்டுக்குக் கேபிள் வழியே மின்சாரமும் தரும் ஸ்விட்ச் வாங்கும்போது கண்ணில் படாமல் போவது மின்சாரக் கணக்கு. 24 போர்ட் ஸ்விட்ச்சில் பொதுவாக 370 வாட்தான் மொத்த ஒதுக்கீடு. போர்ட்டுக்கு 15.4 வாட் என்றால் 24க்கும் சரியாக வரும். வைஃபை 6 பெட்டிகள் முழுத்திறனில் 25 வாட் வரை கேட்கும். அப்போது 14க்கு மேல் தாங்காது. பதினைந்தாவது பெட்டி எரியாது, அல்லது ஒரு ரேடியோவை அணைத்துக்கொண்டு பாதிப் பலத்தில் ஓடும். பாதிப் பலத்தில் ஓடுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள், "சிக்னல் இருக்கு, நெட் இல்லை" என்ற புகாராகத்தான் வரும்.

ஐபி முகவரிக் கணக்கும் அப்படித்தான். 6,000 மாணவர், ஆளுக்கு இரண்டு சாதனம் என்றால் 12,000. ஒரே நேரத்தில் பாதி என்று வைத்தாலும் 6,000. ஆக 8,190 முகவரி தரும் தொகுதி தேவை. 254 முகவரித் தொகுதியும் முகவரியை ஒரே சாதனத்துக்கு ஒதுக்கிவைக்கும் 24 மணி நேர வாடகையும் வைத்த வகுப்பறைக் கட்டடத்தில் காலை பதினொரு மணிக்குள் முகவரி தீர்ந்துவிடும், ஏனென்றால் போனவர்களின் முகவரியும் அவர்கள் பெயரிலேயே கிடக்கும். வகுப்பறைக்கு ஒரு மணி, விடுதிக்கு எட்டு மணி நேரம் வையுங்கள். சாதனத்தின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பதிவுசெய்து அனுமதிக்கும் பழைய விடுதி முறை ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததோடு முடிந்துபோனது. போன்கள் இப்போது நெட்வொர்க்குக்கு ஒரு போலி முகவரியைக் காட்டுகின்றன.

டெண்டரைப் பற்றி ஒரு பத்தி போதும். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி இரு உறை முறை. மத்திய நிறுவனங்களுக்கு ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளம். எந்த வழியானாலும் தொழில்நுட்ப உறையில் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: உரிமம் காலாவதியான மறுநாள் அக்சஸ் பாயின்ட் தொடர்ந்து அலை பரப்புமா, அமைப்பை மாற்ற முடியுமா? சில வகை முற்றிலும் நின்றுவிடும். ஐந்தாண்டு உரிமத்தையும் பராமரிப்பையும் சேர்த்த தொகையைத்தான் விலை உறையில் ஒப்பிட வேண்டும்.

எப்போது, எப்படித் திறப்பது

கேபிள் வேலை மே மாதத்தில். கட்டடம் காலியாக இருக்கும், துளை போடலாம். முன்னோட்டத்தை டிசம்பரில் தொடங்கும் பருவத்தில் ஒரு துறை, ஒரு விடுதி, நூலகம் என்று வைத்து பிப்ரவரி வரை நடத்துங்கள். கணினித் துறையை முன்னோட்டத்துக்கு எடுக்காதீர்கள், அவர்கள் எதையும் தாமே சரிசெய்துகொள்வார்கள். கோளாறு வெளியே தெரியாது. தமிழ்த் துறையோ வணிகவியல் துறையோ சரியான தேர்வு. நவம்பரிலும் ஏப்ரலிலும் எதையும் தொடாதீர்கள். அது தேர்வுக்காலம், விடைத்தாள் மதிப்பெண் பதிவேற்றமும் அப்போதுதான்.

பழைய லாகின் பக்க நெட்வொர்க்கை மூடும் தேதியை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இரண்டும் ஓடும்வரை யாரும் மாறமாட்டார்கள். முதல் மாதம் இரண்டும் ஓடட்டும். இரண்டாம் மாதம் பழையதன் வேகத்தைக் குறைத்து, லாகின் பக்கத்திலேயே எடுரோம் அமைக்கும் இணைப்பைப் போடுங்கள். மூன்றாம் மாதம் மூடுங்கள். வகுப்புக்கு இரண்டு மாணவர்களுக்கு முன்பே அரைநாள் சொல்லிக்கொடுத்தால் ஹெல்ப்டெஸ்க்குக்கு வரும் கூட்டம் பாதியாகக் குறையும். பிரிண்டர், ஸ்மார்ட் டிவி, வருகைப்பதிவுக் கருவி போன்றவற்றால் இந்த லாகினைச் செய்ய முடியாது. அவற்றுக்கு மறைவான தனி நெட்வொர்க், தனி வி-லேன் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி).

பதிவேடு

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி பதிவேடுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். சர்வர்களின் கடிகாரம் தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆயிரம் மாணவர் ஒரே பொது ஐபியின் பின்னால் இருப்பதால், ரேடியஸ் கணக்குப் பதிவு, முகவரி வழங்கிய பதிவு, ஃபயர்வாலின் நாட் பதிவு (எந்த உள் முகவரி எந்தப் பொது ஐபி, போர்ட் வழியே வெளியே போனது என்ற பதிவு) மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் வரை போக முடியும். வெளியூர் விருந்தினராக இருந்தால் உங்களிடம் பெயர் இருக்காது. அவருடைய பல்கலைக்கழகமே சொல்ல முடியும், அதுதான் முறை.

இந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதைச் சேவை திறக்கும் முன்பே எழுதிவையுங்கள். ஒரு மாணவி நேற்று இரவு எந்தக் கட்டடத்தில் இருந்தார் என்று அக்சஸ் பாயின்ட் பதிவு சொல்லிவிடும். விடுதிக் காப்பாளரோ பெற்றோரோ போனில் கேட்டால் கொடுக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது. பதிவாளரின் எழுத்துபூர்வ உத்தரவு, காரணம், தேதி, தேடிய ஆளின் பெயர் ஆகியவை இல்லாமல் தேடக் கூடாது என்று விதி இருக்கட்டும். பருவத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள். ஐடி பிரிவில் ஒருவர் தன் போனிலிருந்து வெளியே ஒரு சர்வரைத் தொட்டு, பொது ஐபி, போர்ட், நேரம் மூன்றை மட்டும் இன்னொருவரிடம் கொடுக்கட்டும். அவர் ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் போனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபயர்வாலின் கடிகாரம் சில நிமிடம் பிசகியிருந்தால் அதே போர்ட்டை அதற்கு முன்போ பின்போ வைத்திருந்த வேறொரு மாணவரின் பெயர் வந்து நிற்கும். ஒத்திகையில் பெயர் தவறாக வந்தால், கடிகாரத்தைச் சரிசெய்து மறுபடி பார்க்கும்வரை அந்தப் பதிவேட்டிலிருந்து எந்த விசாரணைக்கும் ஒரு பெயர்கூட வெளியே போகக் கூடாது.